நாடா அகலத்தில் ஒரு ரயில்

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பொம்மை ரயில் ஓட்ட இடம் கிடையாது. கூடத்தில் முக்கால்வாசியைத் தறி பிடித்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் மனிதர்கள். பொம்மை செய்து விற்கிற நாங்கள் இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில், பட்டணத்தில் விற்கிற அளவிலேயே பெரிய சாவி ரயில் ஒன்றைச் செய்து ஒரு நெசவாளர் வீட்டுக்கு விற்றோம். அது தறிக்குழியின் ஓரமாகச் சுற்றி வந்து, குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்த பெரியவரின் பாதத்தில் குதித்துவிட்டது. மறுநாளே ரயில் எங்களிடம் திரும்பி வந்தது, வசவோடு சேர்த்து.

நாங்கள் என்றால் மூன்று பேர். என் வீட்டுக்காரர் தறிச் சாமான் செய்கிற தச்சர். ரயில் பெட்டிகளை மரத்தில் இழைப்பார். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் தகரக்காரர் பழைய அலாரக் கடிகாரத்து ஸ்பிரிங்கைப் போட்டு எஞ்சின் செய்வார், தண்டவாளமும் செய்வார். வண்ணம் பூசுவது நான். கோபப்படுவதும் நான்தான், அந்த வேலையை மற்ற இருவருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

திரும்பி வந்த ரயிலைப் பார்த்த எரிச்சலில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. "ஒரு டிரங்குப் பெட்டி மேலயே சுத்தி வர்ற மாதிரி சின்னதா பண்ணலாம்," என்றேன். "ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு நாடா அகலம். நாடா இல்லாத வூடு இந்த ஊர்ல ஏது? யாரு வேணும்னாலும் அளந்து பாத்துக்கலாம்." நாடா என்பது குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களுக்குள் இப்படியும் அப்படியும் ஓடுகிற சாமான். நாளெல்லாம் ஓடுகிற அதைவிட ரயிலுக்குப் பொருத்தமான அளவு வேறென்ன இருக்கிறது? இருவருக்கும் பிடித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொம்மைக் கடைக்காரருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "இம்மாந்துண்டு ரயிலை எவன்மா வாங்குவான்?" என்றார். நான் விடவில்லை. நாலு நாள் நடந்த பிறகு இறங்கி வந்தார். "கருட சேவைக்கு ஊரே வரும். அன்னிக்கு என் கடை வாசல்ல நாலு பெட்டியோட பத்து சுத்து வுழாம ஓட்டிக் காட்டுமா. கண்ணாடி அலமாரியில ஒரு தட்டு உனக்குத்தான். வுழுந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்காத."

தகரக்காரருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பட்டணத்தில் டிரங்குப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இது ஓடலைன்னா நான் கிளம்புறேன் அண்ணி. தனியாத்தான் போயி இருக்கணும். அவ தறிய வுட்டுட்டு எங்க வருவா?" என்றார். அவர் மனைவி பட்டு நெய்கிறவள், எனக்குச் சிநேகிதி. நாள் முழுக்க வாயடித்துக்கொண்டிருக்கும் அவள், அந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து தறியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

கருட சேவையன்று, பெருமாள் எழுந்தருளிப் போனதும், கடை வாசலில் பலகை போட்டுத் தண்டவாளத்தை வட்டமாக அமைத்தோம். எஞ்சின் தனியாக ஜம்மென்று ஓடியது. கூட்டம் கூடிவிட்டது. பெட்டிகளை மாட்டினோம். அரைச் சுற்றுகூட வரவில்லை, நான்கு பெட்டிகளும் சரிந்து விழுந்தன. வண்ணம் காயட்டும் என்று அன்று காலைவரை பெட்டிகளை யாரையும் தொடவிடாதவள் நான். சேர்த்து வைத்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

"தண்டவாளம் குறுகலா இருக்குதுபா," என்றார் என் வீட்டுக்காரர்.

"நாடாவ வெச்சுத்தான் அளந்தேன்," என்றார் தகரக்காரர்.

"நானும் நாடாவ வெச்சுத்தான்பா அளந்தேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருவர் மேலும் பாய்ந்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பலகையை எடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் தகரக்காரர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீங்க எந்த நாடாவுல அளந்தீங்கண்ணா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். விற்பதற்குச் செய்து வைத்திருந்த புது நாடாவில் என்றார். "இவரு எங்கூட்டு நாடாவுல அளந்தாரு. அது எங்கம்மா காலத்து நாடா. எத்தினி வருஷமா கையில உரசி ஓடிக்கினு இருக்குது, தேயாம இருக்குமா?"

தேய்ந்தது அரை அரிசி அளவுதான். நான்கு பெட்டிகளைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது. நெசவு வீட்டில் பிறந்து, சின்ன வயதிலிருந்து நாடா போட்டவள் நான். எனக்கு இது தெரியாதா? யோசனை என்னுடையது என்ற தலைக்கனத்தில் கோட்டை விட்டேன். வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வீட்டுக்காரரிடம், "தப்பு என்னுதுதான்," என்றேன். அவர் காதில் விழாத மாதிரி இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

அன்றைக்குத் தறிக்கு லீவு என்பதால் பழைய நாடா தகரக்காரரின் பையிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே குந்தி, அதை வைத்து அளந்து அளந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் அச்சில் கொஞ்சம் உள்ளே தட்டினார். கூட்டம் கலையாததால் கடைக்காரரும் இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பிறகு ரயில் கிளம்பியது. நடுவில் இரண்டு தடவை சாவி கொடுத்தோம். ஏழாவது சுற்றிலிருந்து கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. பத்து ஆனதும் ரயிலை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை, பதினான்குவரை ஓடியது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். தகரக்காரர் பட்டணம் போகவில்லை.

கண்ணாடி அலமாரியில் எங்கள் ரயிலுக்குப் பக்கத்திலேயே அந்த நாடாவையும் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். யார் வேண்டுமானாலும் இந்த அளவில் செய்யலாம், எங்கள் தண்டவாளத்தில் ஓடும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னோம். மாகறலில் ஒருவர் சரக்கு வண்டி செய்தார். வாலாஜாபாத்தில் ஒரு கடைசல்காரர் சக்கரமாகவே கடைந்து கொடுத்தார். ஆளாளுக்குச் செய்ததைக் கொண்டுவந்து அந்த நாடாவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பார்கள். இரண்டே வருஷத்தில் அந்தத் தட்டு போதாமல் போய், கடைக்காரர் தானாகவே இன்னொரு தட்டு கொடுத்தார்.

கருட சேவையன்று அந்த நாடாவைத் தகரக்காரர் மனைவியிடம் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. திரும்பத் தறிக்குப் போனால் இன்னும் தேயும், அளவு மாறிவிடும். ஆனால் கைக்குப் பழகின நாடாவை எந்த நெசவுக்காரி கொடுப்பாள்? நான் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்து, அன்றைக்குக் கடை வாசலிலேயே அவள் அதை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"புது நாடா பத்து நாள்ல கைக்கு வந்துடும்கா," என்றாள். "அவரு இல்லாத வூடு பழகுமா?"