இறக்காமல் திரும்பிய பொங்கல் வரிசை

சோரியாங்குப்பம் கலியபெருமாள் போய்விட்டார். செய்தி மடுகரைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மைத்துனர் அனுப்பிய ஆள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பெரியவரு காலைல தவறிட்டாருங்க" என்றார். எண்பதைத் தாண்டியவர், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பாதியில் நின்ற பாடத்தை என்னால் தொடர முடியவில்லை. அவர் எனக்குப் பெண் கொடுத்த மாமனார். இத்தனை காலமும் அவருக்குப் பயந்துகொண்டே இருந்தேன். அதைவிட அதிகமாக அவரை நேசித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அஞ்சலையின் கதை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சலை அவருடைய மூத்த மகள். நாலு ஊர் அலைந்து, நல்ல இடம் என்று அவரே பார்த்துக் கட்டிக்கொடுத்தார். தலைப்பொங்கலுக்கு அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புதுப்பானை, கரும்புக் கட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினார். வெளியே வந்த மகளின் கையில் சூட்டுக் காயம். சோறு வடிக்கும்போது பட்டுவிட்டது என்று மாமியார் முந்திக்கொண்டு சொன்னார். மாமா மகளிடம் கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் திரும்பி அவர் சொன்னது இவ்வளவுதான்: "வரிசய எறக்காத. பொண்ண ஏத்து."

வரிசையோடு மகளும் திரும்பி வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. பங்காளிகள் கூடினார்கள். பெண் என்றால் பொறுத்துப் போக வேண்டாமா, இனி இரண்டாவது பெண்ணை எவன் கட்டுவான் என்று கேட்டார்கள். சம்பந்தி வீட்டாரும் சமாதானத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. "எடத்தப் பாத்தது நானு. தப்பு எம்மேல. அவ இன்னா பண்ணா?" என்று கேட்டு எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டாவது பெண்ணைக் கட்டிய 'எவன்' நான்தான். எங்கள் வீட்டில் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்கள். நான் சரோஜாவைப் பார்த்துவிட்டிருந்தேன், கேட்கவில்லை. கல்யாணத்தன்று மாமா என்னைத் தனியே அழைத்தார். மகளை நன்றாக வைத்துக்கொள் என்றெல்லாம் உருகவில்லை. தன்னிடம் நல்ல மாடுகள் இருப்பதாகவும், மடுகரை அப்படியொன்றும் தூரமில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தேவைப்பட்டால் இவளையும் ஏற்றிக்கொண்டு போக வண்டி வரும் என்கிறார் என்பது புரிந்தது.

வருஷாவருஷம் பொங்கலுக்கு முன்பு அவர் வண்டி எங்கள் வாசலுக்கு வரும். உடனே இறக்கமாட்டார். நேராக அடுக்களைக்குப் போய் சரோஜாவிடம் பேசுவார். நான் மாட்டைத் தடவிக்கொடுத்தபடி, உள்ளே என் குறைகள் எதுவரை வந்திருக்கின்றனவோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒருமுறை ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. எட்டிப் பார்த்தால் அப்பாவும் மகளும் பணியாரம் தின்றுகொண்டிருக்கிறார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா மாப்ள, எறக்கலாமா?" என்றார். அந்த வருஷப் பரீட்சையில் நான் தேறிவிட்டேன்.

வீட்டோடு இருந்த அஞ்சலை அக்காவுக்கும் வரிசை உண்டு. வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றித் தெருவை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவார். ஊர் சிரித்தது. "கட்டிக்குடுத்த பொண்ணுக்குத்தான் வரிசயா? பெத்த பொண்ணுக்குக் கெடையாதா?" என்று திருப்பிக் கேட்டார். ஆனால் அக்காவுக்கு மறுபடி ஒரு வாழ்க்கை அமையவில்லை. பெரியவர் ஆத்திரப்பட்டு மகள் வாழ்க்கையை அழித்துவிட்டார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கடைசி மாதத்தில் ஒரு சாயங்காலம். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். அஞ்சலை அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மாமா வாயை மூடிக்கொண்டு மகளையே பார்த்தார். பிறகு, "நான் அவசரப்பட்டு ஒன் வாழ்க்கையக் கெடுத்துட்டனாம்மா?" என்று கேட்டார்.

சரோஜா அழுதுவிட்டாள். அக்கா அழவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"புள்ளகுட்டி இல்லன்னு ஏக்கம் இருக்குது நைனா. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அன்னிக்கி நீ வரிசய எறக்கி வச்சிட்டுப் போயிருந்தா, எனக்கு அப்பனே இல்லன்னு ஆயிருக்கும்."

பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். மாமா திறந்தார்.

வரப்புத் தகராறோ பாகப்பிரிவினையோ, பங்காளிகளுக்குள் எதுவானாலும் அவர் சொன்னதுதான் முடிவு. தீர்ப்புச் சொல்லியே பழகிய மனிதர், தான் செய்தது சரியா என்று மகளிடம் கேட்டுவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று காத்துக் கிடந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். எனக்கும் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். கருமாதிக்கு வந்திருந்தவளைத் தனியே அழைத்து, நான் பார்த்துக் கொடுத்த இடம் உனக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.