காலையில் ஒரு மூச்சு, மாலையில் ஒரு மூச்சு

மருத்துவமனை வராந்தாவில் என் மகள் ஸ்டெல்லா நொண்டியாடிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு பார்த்த மருத்துவர்கள் எல்லாம் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். இரும்புலியூரில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் பௌதிக ஆசிரியன்.

விடிவதற்கு முன் அவளுக்கு இளைப்பு வரும். தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவாள். வெயில் ஏறினால் தணிந்துவிடும். மாலையில் தெருப்பிள்ளைகளோடு ஓடுவாள். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளிடமே சொன்னேன்.

"நடிக்கலப்பா" என்றாள். அழவில்லை.

இந்த முறையும் ஒன்றுமில்லை என்றால் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் சேர்த்துவிடுவதாக இருந்தேன்.

அன்று பார்த்த பெண் மருத்துவர், "காலைல என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி கிரேஸ் பெருமையாகவே சொன்னாள். "மருந்துக் கடையில வாங்குற இளைப்பு மாத்திரை, சூடா காபி. வெந்நீர்ல குளிப்பாட்டி, பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் முன்னாடி நல்லபடியா வரணும்ல."

மருத்துவர் சிரித்துவிட்டார். "அந்த மாத்திரை மூச்சுக்குழலைத் திறந்துடும். காபிகூடக் கொஞ்சம் திறக்கும். ஒவ்வொரு தடவையும் நோயை வீட்லயே விட்டுட்டு வந்திருக்கீங்கம்மா. ரெண்டு நாள் வார்டுல இருக்கட்டும்."

மறுநாள் விடியலில் ஆயா குரல் கொடுத்தார்: "டாக்டரம்மா, பாப்பா இளைச்சிகினு கீது."

பீக் ஃப்ளோ மீட்டரில் (ஒரே ஊதலில் காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று காட்டும் கருவி) ஸ்டெல்லா ஊதினாள். முள் சற்றே அசைந்து நின்றது. உடனே ஊசி போட்டார்கள். அன்று மாலை அதே முள் வெகுதூரம் ஏறியது. அடுத்த நாளும் அப்படித்தான்.

"ஆஸ்துமா" (மூச்சுக்குழல் சுருங்கும் நோய்) என்றார் மருத்துவர். "இந்தப் பிள்ளைங்களுக்கு விடிகாலைலதான் குழல் ரொம்பச் சுருங்கும். மத்தியானத்துக்கு மேல விரியும். நீங்க பௌதிகம் சொல்லித்தர்றவர். ஒரே வேளையில அளந்துட்டு முடிவு எழுதுவீங்களா சார்?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "இப்ப நம்புறீங்களாப்பா?"

"நம்புறேம்மா."

"முள்ளைத்தான் நம்புறீங்க."



இதைப் படிக்கும் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். பகலில் ஓடுகிற பிள்ளை விடிகாலையில் பொய் சொல்வதில்லை. இளைக்கும்போதே தூக்கிக்கொண்டு போங்கள். தலை கலைந்திருக்கட்டும். மருந்தை நிறுத்தாதீர்கள், கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் மறுபடியும் போங்கள்.

விடுதிப் பேச்சு அதோடு முடிந்தது. ஸ்டெல்லா காலை டிரில்லுக்கு வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகப் பள்ளித் தலைமையாசிரியர் சொன்னார்.

"நீக்குங்க சார். ரெண்டாவது பீரியடுக்கு என் பொண்ணு வந்து உக்காருவா. அவளுக்கு அப்பதான் விடியுது" என்றேன்.

அவர் நீக்கவில்லை. அவளும் வந்து உட்கார்ந்தாள், அந்த ஆண்டு முழுவதும்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. விடியும் முன் விழிப்பு வந்தால், என் மூச்சைக் கவனிப்பதற்கு முன் பக்கத்து அறையின் மூச்சுக்குக் காது கொடுக்கிறேன். அவள் வேறு ஊரில், தன் வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் ஆகிறது.