சத்தம் போடாத கதவு

தங்கை மார்லாவைப் பற்றி யாரும் கேட்காமலே பேசுவார் லோவல். "வெளுத்துப்போன பிளாஸ்டிக்க அவ கையில குடுங்க, அப்புறம் பாருங்க" என்பார். மிச்சிகனில் பள்ளியைப் பாதியில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர். அவருடைய கராஜில் ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கும். அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் பெயர் முன்பக்கம் தெரிய நிற்கும்.

அங்கேதான் மார்லா, திருமதி புரூயிட்டின் எழுபத்தெட்டாம் வருட மாடல் காரின் உள்பாகங்களுக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தாள். டாஷ்போர்டு ஓரங்கள், கதவுப் பட்டைகள், எல்லாம் மெரூன். அவள் தன் பெயரில் எடுத்த முதல் வேலை. சனிக்கிழமை சர்ச் மைதானத்துக் கண்காட்சியில் கார் நிற்கும்போது, கண்ணாடியில் வைக்கும் அட்டையில் அவள் பெயரும் இருக்கும்.

லோவலுக்கு உறுத்தியது டுவேன். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். தினமும் டோனட் பெட்டியோடு வந்து மார்லாவின் பக்கத்தில் நின்றான். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது; ஆனால் கழுவி வைத்த பாகங்களை உற்று உற்றுப் பார்ப்பான். இவனுக்கு இங்கே என்ன வேலை?

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு தடை இருந்தது. மேலே தூக்கும் கராஜ் கதவு, கிறீச்சிட்டு ஊரையே கூட்டும். லோவல் ஸ்பிரே டப்பாவை எடுத்து, கதவு ஓடும் குட்டிச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக அடித்தார். வழிந்ததைத் துடைத்தார். மறுநாள் ஓசையில்லாமல் கதவைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"என்ன ஷெரிஃப், ரோந்தா?" என்றாள் மார்லா, தலையைத் திருப்பாமல். டுவேன் வாய் நிறைய டோனட்டோடு கையசைத்தான்.

அன்றுதான் சாயம் கெட்டது. அடித்த இடமெல்லாம் பெயிண்ட் விலகி, வட்டம் வட்டமாக மீன்கண் போலக் குழி விழுந்தது. மார்லா எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, திரும்ப அடித்தாள். திரும்பவும் மீன்கண்.

"வேற என்ன? இவன் எண்ணெய்க் கை பட்டிருக்கு!" என்று லோவல் வெடித்தார்.

"நான் ஒண்ணையும் தொடலீங்க."

"டோனட்டு தின்ன கைய எங்கடா தொடச்ச?"

டுவேன் காபியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். மார்லா கதவை இழுத்து மூடினாள். அப்படியே நின்றாள். மறுபடி தூக்கினாள், இறக்கினாள்.

"இது எப்போ ஊமையாச்சு?"

லோவல் தொங்கிய ஸ்பேனர் ஒன்றை நேராக்கினார்.

"எத அடிச்ச?"

அவர் பார்வை அலமாரிக்குப் போனது. டப்பா, பெயர் முன்பக்கம் தெரிய, ஒழுங்காக நின்றது: சிலிக்கோன்.

"பாகமெல்லாம் அடியில கிடக்கு, நீ மேல அடிச்சியாக்கும்! சிலிக்கோன் ஒரு துளி காத்துல பறந்தா போதுமே, லோவல். இனி இந்தக் கராஜுல பெயிண்டே ஒட்டாது."

"சனிக்கிழமைக்கு என்ன பண்றது?"

"டுவேன் வீட்டு ஷெட்டு சுத்தமா இருக்கு. போய் நீயே கேளு."

வெளியே டுவேனின் வண்டி இன்னும் கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது. லோவல் கதவைத் தூக்கினார். கொஞ்சம் சத்தம் போட்டால் தேவலை என்றிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்தார்.