ஜக்கு மேஜையில் ஒரு கிளாஸ் ஒயின்

நான் கையெழுத்துப் போட்ட முதல் தாளைத் திருப்பி அனுப்பியவர் அவர். அப்படித்தான் அறிமுகம்.

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது ஆறாவது நாள். மேம்பாலம் கட்டுகிற கம்பெனி. கிரேன் எதைத் தூக்க வேண்டும், எங்கே நின்று தூக்க வேண்டும், எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டு எழுதுவது என் வேலை. லிஃப்ட் பிளான் என்பார்கள். பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு கம்பிகூடத் தரையை விட்டு எழும்பாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட கையெழுத்து பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் ரிக்கர். பொருளைச் செயினால் கட்டிக் கொக்கியில் மாட்டுகிறவர்.

"சார், மேல கிரேன்ல இருக்கிறவர் தூக்க மாட்டாராம்."

"ஏன், என்னவாம் அவருக்கு?"

"பீமோட எடையை மட்டும் எழுதியிருக்கீங்களாம். செயின், கொக்கி, குறுக்குக் கட்டை எல்லாத்தையும் உங்க மாமனார் வந்து தூக்குவாரான்னு கேக்குறாரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு கிரேன் ஆபரேட்டர் என் கணக்கில் கை வைப்பதா? போட்டுப் பார்த்தேன். ஒன்றரை டன் விட்டுப் போயிருந்தது. திருத்தி அனுப்பினேன். மேலே கூண்டிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனது.

மத்தியானம் இறங்கி வந்தவரைப் பார்த்தால் ஒல்லியாக, குள்ளமாக, முப்பத்தாறு வயது மனிதர். சட்டைப் பையில் சின்ன நோட்டு. "கோவமா சார்?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். "இருந்தாலும் பரவாயில்ல. கோவம் தணிஞ்சிரும், விழுந்த பீம் எந்திரிக்காது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எல்லோரும் அவரை 'ஒத்தக்கிளாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும், கம்பெனி வேன் எங்களை அறைக்குக் கொண்டு போகாது. இரண்டு தெரு தள்ளியிருந்த பாரில் இறக்கிவிடும். நீளமான மர மேஜை, சத்தமில்லாமல் ஓடும் டிவி, பெஞ்சுக்கடியில் வரிசையாக ஹெல்மெட்டுகள். மேஜையின் தலைமாட்டில் சைட் சூப்பர்வைசர் உட்காருவார். வழுக்கையை மறைக்க வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்பதால் அவர் பெயர் 'தொப்பி'. நம்மவர்தான், அவர் அப்பா காலத்திலேயே அந்த நாட்டில் குடியேறிய குடும்பம். அடுத்த வாரம் யாருக்கு எந்தக் கிரேன் என்பதை அவர் ஆபீஸில் முடிவு செய்வதில்லை. அந்த மேஜையில், பீர் கிளாசுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் பென்சிலால் எழுதுவார். மேஜையில் இல்லாதவனுக்குக் குப்பை அள்ளுகிற சின்ன கிரேன். இது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதி வைக்காத சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. பீர் ஜக்கில் வரும். பக்கத்தில் இருப்பவர் கிளாஸ் பாதியாவதற்குள் நிரப்பிவிட வேண்டும். கிளாஸ் காலியானால் நிரப்பாதவனுக்குக் கேவலம். அதனால் யாருடைய கிளாசும் காலியாவதே இல்லை. எத்தனை குடித்தோம் என்று கேட்டால் ஒருவனுக்கும் பதில் தெரியாது.

அந்த மேஜையில் இவர் மட்டும் சிவப்பு ஒயின் சொல்லுவார். ஒரே கிளாஸ். பாதிக்கும் கீழே ஒரு கோடு போட்டிருக்கும், அதுவரைதான் ஊற்றுவார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டுவார். பரிமாறும் பெண் புதிதாக வந்தால், ஒயினைக் கொண்டுபோய் மேஜையிலிருந்த ஒரே பெண்ணான ஸ்டோர் அக்காவின் முன்னால் வைப்பாள். பீரை இவர் முன்னால் வைப்பாள். ஸ்டோர் அக்கா அசராமல் இரண்டையும் இடம் மாற்றி, "இந்தாங்க, உங்க இருமல் மருந்து. எனக்கு என் பீரு" என்பார்.

"மூடில அளந்து குடிடா, டாக்டர் திட்டப் போறாரு" என்பான் ஒருவன்.

"துரைக்கு ஒரு பஞ்சு மெத்தை போடுங்கப்பா" என்பான் இன்னொருவன்.

அவர் சிரித்துக்கொண்டே கிளாசைத் தூக்கி எல்லோருடனும் இடித்துக்கொள்வார். நான் அதைப் பந்தா என்றுதான் நினைத்தேன். நாலு ஊர் தண்ணி குடித்ததும் நாக்கு நீண்டுவிட்டது என்று. நான் பீர்தான் குடித்தேன். தொப்பியின் வலது பக்கம் எனக்கு இடம் கிடைத்திருந்தது. என் கிளாசை அவரே நிரப்புவார். அதில் எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்.

ஒருநாள் வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். "அண்ணே, ஒயின் அவ்வளவு பிடிக்குமா?"

"ஐயோ, முதல்ல குடிச்சப்போ ஈரச் சாக்கை நக்கின மாதிரி இருந்துச்சு தம்பி. இப்போ பழகிருச்சு."

"அப்புறம் ஏன்?"

அவர் சொன்னது இதுதான். இதற்கு முன்னால் வேறொரு நாட்டில் பதினொரு மாதம் இருந்திருக்கிறார். அங்கேயும் ஜக்குதான், அங்கேயும் நிரப்பும் கைகள்தான். அங்கேயும் இங்கேயும், கிரேன் இருக்கிற எந்த சைட்டிலும், காலை ஆறு மணிக்குக் கேட்டில், உடம்பில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினில் ஊத வேண்டும். பச்சை விழுந்தால் உள்ளே. ஒரு திங்கட்கிழமை அவருக்குச் சிவப்பு விழுந்தது. மூன்று கிளாஸ்தான் குடித்தேன் என்று சத்தியம் செய்தாராம். அவர் மனதார நம்பிய கணக்கு அது. அன்று சாயங்காலமே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். லைசென்ஸில் ஒரு குறி. இன்னொரு சிவப்பு விழுந்தால் லைசென்ஸ் ஒரேயடியாகப் போய்விடும்.

"வீட்டுல லீவுன்னு சொன்னேன். என் வீட்டம்மா நர்சு. பெட்டியைத் திறந்து பேப்பரைப் படிச்சிட்டா. அழல, திட்டல. 'குடிக்காதேன்னா நீ கேக்க மாட்டே. அடுத்த தடவை எத்தனை மில்லின்னு தெரிஞ்சு குடி'ன்னா. அவ்வளவுதான்."

"ஜூஸ் குடிக்கலாமேண்ணே?"

"ஜூஸ் குடிக்கிறவங்க எந்த மேஜையில உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில், சின்ன மேஜையில். அவர்கள் பெயர் அட்டையில் ஏறியதே இல்லை.

"ஜக்கு அடுத்தவன் கையில இருக்கு தம்பி. ஒயின் நான் கேட்டாத்தான் வரும். எனக்கு வேண்டியது அந்தப் பெரிய லைசென்சு. அது வர்ற வரைக்கும் என் கிளாசை இன்னொருத்தன் நிரப்பக் கூடாது."

பெரிய லைசென்ஸ் என்றால் கனரக கிரேனுக்கானது. அதற்குப் பரீட்சை எழுதியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றை, அதிகாரி ஒருவர் பார்க்க, முதல் கிரேனில் உட்கார்ந்து தூக்கிக் காட்ட வேண்டும். அதற்காக நாலு வருடமாகக் காத்திருந்தார்.

அந்த நாள் வந்தது. பாலத்தின் நடுத்துண்டு, அறுபது டன். இரண்டு கிரேன் சேர்ந்து தூக்க வேண்டும். முதல் கிரேன் வேகத்தைத் தீர்மானிக்கும், இரண்டாவது அதை ஒட்டிப் போகும். கீழே நெடுஞ்சாலையை ஒரு சனிக்கிழமை காலை மட்டும் மூடித் தருவதாக அனுமதி கிடைத்தது. முதல் கிரேன் ஒத்தக்கிளாஸ் என்று தொப்பியே அட்டையில் எழுதினார். பிளானிலும் அந்தப் பெயரை எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொப்பி பாருக்குள் நுழையும்போதே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று பையன்களுக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஐந்து ஜக்கு சொன்னார்.

"டேய் ஒத்தக்கிளாஸ், இன்னிக்கு இருமல் மருந்தெல்லாம் கிடையாது. எனக்கு மகாலட்சுமி பொறந்திருக்கா. நீட்டு கிளாசை."

"ரொம்ப சந்தோஷம்ணே. அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. பேச்சை மாத்தாதே."

தொப்பி ஒயின் கிளாசை எடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு பெரிய கிளாசை அவர் முன்னால் வைத்து, நுரை வழிய ஊற்றினார். மேஜை முழுவதும் "ஏய்... ஏய்..." என்று தாளம் போட்டது. நானும் போட்டேன்.

"எம் பொண்ணு பேரைச் சொல்லி ஊத்தியிருக்கேன். தொடலைன்னா என்ன அர்த்தம்?"

"காலையில ஆறு மணிக்கு ஊதணும்ணே. நாளைக்குப் பாலத்தை ஏத்தி வச்சிட்டு, பாப்பா பேரைச் சொல்லி இன்னொரு ஒயின் குடிக்கிறேன். என் கணக்குல ரெண்டாவது கிளாஸ். அது வேற யாருக்கும் நான் குடிச்சதில்ல."

"நாளைக்கு எல்லாருந்தான் ஊதணும். அப்போ நாங்கல்லாம் கேனப்பயலுங்களா?"

ஒத்தக்கிளாஸ் திரும்பி, பரிமாறும் பெண்ணைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். புதிய ஒயின் வந்தது. முதல் கிளாசில் இரண்டு மடக்குக்கூடக் குடித்திருக்க மாட்டார். பீரின் நுரை அடங்கி, தொடாமல் அப்படியே நின்றது.

தொப்பியின் முகம் கறுத்துவிட்டது. அட்டையை எடுத்தார். பெயரை அடித்தார். "முதல் கிரேன் பயில்வான். இவன் ரெண்டாவது." என்னைப் பார்த்தார். "இன்ஜினியர், பிளானை மாத்து."

பயில்வான் எங்கள் ஆறடி உயர ஆபரேட்டர், நல்ல வேலைக்காரர். மறுக்க ஒரு வாய் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வாயில் அப்போது நாலாவது கிளாசோ ஐந்தாவதோ இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்தேன்.

"தெளிவா எழுதுங்க தம்பி" என்றார் ஒத்தக்கிளாஸ். "முதல்ல அவரு, ரெண்டாவது நான்."

எழுதினேன். ஸ்டோர் அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழு மணிக்குத் தொப்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார். ஒத்தக்கிளாஸ் தன் ஒயினை முடித்துவிட்டு நடந்தே போனார். நாங்கள் ஜக்குகளை வீணாக்கவில்லை.

காலை ஆறு மணி. கேட்டில் வரிசை. ஊதினேன். சிவப்பு.

மெஷின் கெட்டிருக்கும் என்றேன். வேறு மெஷின் கொடுத்தார்கள். அதுவும் சிவப்பு. காவலாளி மரியாதையாக, "மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றார். எனக்கு நாலு பேர் தள்ளி வந்த பயில்வானுக்கும் சிவப்பு. ஒத்தக்கிளாசுக்குப் பச்சை. தொப்பிக்கும் பச்சை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் இரண்டு கிளாசோடு எழுந்தவர் அவர்.

நெடுஞ்சாலையை மூடியாகிவிட்டது. பார்க்க வேண்டிய அதிகாரியும் வந்துவிட்டார். தொப்பி ஓடி வந்து ஒத்தக்கிளாசின் தோளில் கை போட்டார்.

"நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன்டா. மனசுல வச்சுக்காதே. முதல் கிரேன்ல ஏறு."

"பிளான்ல நான் ரெண்டாவதுண்ணே."

"அது பேப்பர்தானேடா! அடிச்சு எழுதிக்கலாம்."

"எழுத வேண்டியவரு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று வழி தோன்றியது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இங்க குடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்!" என்று கத்தினேன்.

அவர் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். கோபமில்லை. "தம்பி, நீங்க இப்போ சிவப்பு. நேத்து அந்தப் பேரை மாத்தி எழுதினப்பவும் நீங்க சிவப்புதான். உங்க கையெழுத்தை நம்பி நான் அறுபது டன்னைத் தூக்க மாட்டேன்."

தொப்பி கிட்டத்தட்டக் கெஞ்சினார். "நாலு வருஷமா இதுக்குத்தானேடா தவம் கிடந்தே?"

"ஆமாண்ணே."

"இனி இப்படி ஒண்ணு எப்போ வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கிரேனின் படியில் உட்கார்ந்தார். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. நடுத்துண்டு ஏறாமலே எட்டரை மணிக்குச் சாலையைத் திறந்துவிட்டார்கள்.

விசாரணை வந்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஏழு நாள் சஸ்பென்ஷன். அப்பாவிடம் காய்ச்சல் என்று சொன்னேன். பயில்வானுக்கும் அதே தண்டனை. தொப்பியின் அட்டையைத் தலைமை அலுவலகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. அடுத்த வியாழக்கிழமை முதல், யாருக்கு எந்தக் கிரேன் என்பது ஆபீஸ் வாசலில் போர்டில் ஒட்டப்பட்டது. வேலை செய்த மணிநேரத்தின் வரிசைப்படி. ஜூஸ் குடிக்கிறவர்கள் பெயரும் அதில் வந்தது.

அந்த வரிசையில் ஒத்தக்கிளாசுக்கு மேலே இன்னொருவர் இருந்தார். இருபது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நடுத்துண்டு ஏறியபோது முதல் கிரேனில் உட்கார்ந்தது அவர்தான். இவர் இரண்டாவதில் இருந்து, அறுபது டன்னையும் ஆடாமல் அசையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று சாயங்காலம் பாரில் தொப்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சொன்னபடி பாப்பா பேரைச் சொல்லி இரண்டாவது கிளாஸ் ஒயின் குடித்தார். தொப்பி தன் கிளாசை அதில் இடித்தார்.

முதல் கிரேன் கிடைக்க அதன் பிறகும் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பிளானில் கையெழுத்துப் போட்டது நான். போடுவதற்கு முன்னால் மூன்று தடவை கணக்குப் பார்த்தேன். அவர் நாலாவது தடவை பார்த்தார்.

இப்போது அவர் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கனரக கிரேன் ஓட்டுகிறார். மனைவிக்கு அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள்.