மதில் வரைக்கும் வரும் படம்

அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. காரணம், மாமா. தென்காசியில் செல்போன் கடை வைத்திருந்ததால், உலகத்தில் இனிமேல் வரப்போகும் சாமான்களின் தகவலெல்லாம் தனக்குத்தான் முதலில் வரும் என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

டிவியில் மாட்டி விளையாடும் புது கேம் பெட்டி ஒன்று வரப்போகிறது, அதன் கன்ட்ரோலரின் நடுவிலேயே ஒரு திரை இருக்கும் என்று மாமா ஒருநாள் வந்து சொன்னார். டிவியை வேறு யாராவது பிடித்துக்கொண்டால் ஆட்டம் அப்படியே கையிலிருக்கும் திரைக்கு வந்துவிடுமாம். வீட்டிலிருந்த பழைய கேம் பெட்டியில் அண்ணன் விளையாடுவான். எனக்கு வயர் மாட்டாத கன்ட்ரோலரைத் தருவான். திரையில் ஓடும் பச்சைக் காரை நான்தான் ஓட்டுகிறேன் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அவன் எழுந்து போனால் அம்மாவின் சீரியல் வந்துவிடும். எனக்கென்று ஒரு திரை வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது.

"ஏலே, அதுல சீரியல் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். "அதுக்கும் வழி வச்சிருப்பான்க்கா" என்றார் மாமா, ஏதோ தானே செய்து கொடுக்கப் போவது போல. பெரிய சண்டை, படம் எவ்வளவு தூரம் வரும் என்பதில்தான். மொட்டைமாடி வரை வரும் என்றார் மாமா. அடுக்களையைத் தாண்டாது என்றான் அண்ணன். நான் ஒரு அட்டையை வெட்டி, நடுவில் கட்டம் வரைந்து, வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் மாமா கடைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு வந்து, வீட்டுக்குள் வரும், மதிலைத் தாண்டாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் வரும். அருவியில் தண்ணி விழுதா என்பதுதான் முதல் கேள்வி. அருவி கொட்டும் சாரல் மாதத்தில் அவருக்கு ஒரு தடவைகூட லீவு கிடைத்ததில்லை. அப்புறம் நான் கன்ட்ரோலர் கதையை ஆரம்பிப்பேன். டிவி ரிமோட்டே சரியாக அமுக்கத் தெரியாத மனிதர் அதைச் சலிக்காமல் கேட்டார்.

"எங்கன உக்காந்து விளையாடுவே?"

"துவைக்கிற கல்லுல."

"மழ பெஞ்சா?"

"மாடிப்படிக்குக் கீழ."

"அங்கன வெளிச்சம் இருக்காதேட்டி. அந்த லைட்ட இன்னும் மாத்தலியா?"

வாராவாரம் இப்படி வீட்டின் ஒவ்வொரு மூலையையும் கேட்டார். வாங்குவதற்கு முன்னால் நன்றாக விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தா கேட்டார்: "பெட்டி அங்கன நம்ம வீட்டுலயே இருக்கட்டும். திரைய மட்டும் நான் இங்கன கொண்டு வந்துட்டா, நீங்க விளையாடுதது எனக்குத் தெரியுமாம்மா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐய அத்தா! மதிலத் தாண்டுனாலே படம் போயிரும். இந்தா பக்கத்துல இருக்க செங்கோட்டைக்கே வராது, சவுதிக்கு எப்படி வரும்?"

"அப்ப சரிம்மா. அம்மாட்ட போனக் குடு" என்றார்.

"கெடுத்தியா காரியத்த?" என்று அண்ணன் தலையில் குட்டினான். "தெரியும்னு சொல்லித் தொலைச்சா என்னட்டி? இனி வாங்குவாரா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அத்தாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த லீவில் அத்தா வந்தார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் கம்பளிக்கும் பால்பவுடர் டின்களுக்கும் அடியில் அது இருந்தது. சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லீவு முழுவதும் துவைக்கிற கல், மாடிப்படி என்று சொன்ன இடத்திலெல்லாம் உட்கார்ந்து விளையாடினேன். அத்தாவும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். விளையாட மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

திரும்பிப் போகும் நாளில், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் உள்ளே இன்னொரு கன்ட்ரோலரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்; அதே படம் என் கைத்திரையிலும் ஓடியது. "அத இங்கன குடும்மா" என்று வாங்கிய அத்தா, திரையைப் பார்த்தபடியே நடந்தார். முன்னறையைக் கடந்து, வாசலைக் கடந்து, மதிலுக்கு வெளியே போய், காரில் ஏறி உட்கார்ந்தார். அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் சாமானைக் கொண்டுபோய்விடுவாரோ என்று பயந்து நான் பின்னாலேயே ஓடினேன்.

"படம் போயிட்டும்மா" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேம்லா அத்தா!" என்றேன். அவர் எதை அளந்து பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. என் கணக்கு சரியாக இருந்ததை அண்ணனிடம் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில், கார் கிளம்பும் முன்பே வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.