வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

போன வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நடந்தது இது. இடம், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. என் மகள் அங்கே அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர்.

தலைவர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்க கேன்டீனில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்கிறவள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. பெற்றோரில் ஒருவர், அதுவும் ஓர் அம்மா, தலைவராக வேண்டும் என்று சொல்லிக் கூட்டம் போட்டபோது, வந்திருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் பெண் பிள்ளைகள் பாத்ரூமில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு நின்றேன். “இவ்ளோ சத்தமா பேசறீங்களே, நீங்களே இருந்துடுங்க” என்று கை தட்டி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் “தலைவரம்மா” என்றுதான் பெயர். வீட்டுக்காரர் தண்ணீர் கேட்பதுகூட “தலைவரம்மா, ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா?” என்றுதான்.

உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாகக் கையெழுத்துப் போடுவது. தீர்மான நோட்டில் தலைவர் என்று எழுதி அதற்கு மேலே என் பெயரை வளைத்து எழுதும்போது, சும்மா சொல்லக் கூடாது, மனசு குளிரும்.

அந்த வெள்ளிக்கிழமை மாதக் கூட்டம் மூன்று மணிக்கு. எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றரை மணி நேரம் பர்மிஷன் வாங்கி வந்திருந்தேன். கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. நாலரை ஆகப்போகிறது, தீர்மானம் ஒன்றுகூட எழுதவில்லை. நானே எழுந்து தலைமையாசிரியரிடம், “டீச்சர், நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன், நீங்க மேல எழுதிக்குங்க” என்றேன். நோட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்து அவசரத்தில் இருந்த இன்னும் நாலைந்து பேரும் போட்டார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் கேட்டுப் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வார லீவு, பத்தாவது பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மதியம் மகள் வந்தாள். பையைக் கழற்றிப் போட்டவள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அடுத்த வருஷம் நம்ம ஸ்கூல்ல சயின்ஸ் குரூப் கெடையாதாம். எடுத்துட்டாங்களாம்.”

“யாருடி சொன்னது? எவன் எடுத்தான்?” என்று நான் எகிறினேன்.

“நீதாம்மா. தீர்மானத்துல உன் கையெழுத்துதான் இருக்குதாம். மிஸ்ஸே சொன்னாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகளுக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆறாவதிலிருந்தே ஆசை. அதற்கு உயிரியல் வேண்டும், உயிரியலுக்கு சயின்ஸ் குரூப் வேண்டும். பண்ருட்டி வரை தினமும் பஸ்ஸில் அனுப்பவோ, தனியார் பள்ளியில் சேர்க்கவோ எங்களுக்கு வசதி இல்லை. என் பெண்ணின் கனவில் மண்ணை அள்ளிப் போட்டது நானேதான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அழுது தீர்த்தேன்.

வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் எலக்ட்ரீஷியன், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“பெல்ட்டு மேல வேலன்னா மொதல்ல கரண்ட நிறுத்தி, ஸ்விட்ச்சுல அவனவன் பூட்டு ஒண்ணு போடுவோம். போட்டவன்தான் கழட்டணும். சூப்பர்வைசரே வந்தாலும் அவன் பூட்டுல கை வைக்க மாட்டாரு. நீ போட்ட பூட்டு இது. அழுதுகினு இருந்தா தானா கழண்டுடுமா? நீ போ, நீயே கழட்டு.”

திங்கட்கிழமை ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு, இரண்டரை மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் அந்த அம்மா நோட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அமைதியாகப் பேசினார். நான் கிளம்பிய பிறகு இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். சயின்ஸ் குரூப்புக்கு விருப்பம் கொடுத்திருந்தது பதினொரு பிள்ளைகள். வேதியியல் ஆசிரியர் இடம் காலி. லேப் பூட்டிக் கிடக்கிறது. அதனால் ஊர்க்காரர்களே பிள்ளைகளை வெளியே சேர்க்கிறார்கள்.

“தற்காலிகமா ஒரு ஆசிரியரைப் போட்டுக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் இருக்கும்மா. மூணு கூட்டத்துல நானும் சொல்லிட்டேன். யாராவது காது குடுத்துக் கேட்டீங்களா? டீ குடிச்சீங்க, கையெழுத்துப் போட்டீங்க, போயிட்டீங்க” என்றார்.

அவர் சொன்ன மூன்று கூட்டத்திலும் நான் இருந்தேன்.

“மேல அனுப்பிட்டீங்களா டீச்சர்?”

“வெள்ளிக்கிழமை அனுப்பணும். அதுக்குள்ள கூட்டம் போட்டு மாத்துறதுன்னா மாத்துங்க. ஆனா ஆள் வரணும், பிள்ளைங்க கணக்கும் வரணும். சும்மா வாயால மட்டும் சொன்னா நடக்காது.”

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவசரக் கூட்டம் என்று முடிவாயிற்று. கையில் இருந்தது மூன்று நாள். காலையில் கேன்டீன், இரண்டு மணிக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பள்ளி விட்டதும் மகளும் சேர்ந்துகொண்டாள். அதுவரை என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் பத்தாவது படிக்கிற பிள்ளைகளின் வீடுகளை அவள்தான் காட்டினாள்.

ஒவ்வொரு வாசலிலும் முதலில் என் தப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று முதல் வீட்டில் வாசல் கோலத்தைப் பார்த்தபடிதான் சொன்னேன். பத்தாவது வீட்டில் பழகிவிட்டது. சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மா, “ஏங்க, ஸ்கூல நம்பி உங்ககிட்ட குடுத்தா இப்பிடியா பண்ணுவீங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, கேட்ட கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுடன் கிளம்பினார். அடுத்த தெரு முழுக்க எனக்கு முன்னால் அவர்தான் பேசினார். கேட்கிற வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. வாத்தியார் வந்தால், லேப் திறந்தால், இங்கேயே சேர்ப்போம்.

வியாழக்கிழமை கூட்டத்தைப் பார்த்து நானே மிரண்டு போனேன். பெஞ்சு போதவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்த அப்பாக்கள் யூனிஃபார்மோடு, நிலக்கரித் தூசியோடு நேராக வந்து ஜன்னலோரம் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நான் நோட்டைப் பிரித்து அந்தத் தீர்மானத்தை முழுதாக வாசித்தேன்.

“கீழ இருக்கற கையெழுத்து என்னுது. எழுதறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். என் புள்ள தலையில நானே கல்லப் போட்டேன், உங்க புள்ளைங்க தலையிலயும் போட்டேன். மன்னிச்சுக்குங்க. இத ரத்து பண்ணணும்” என்றேன்.

குழு உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பர்மனென்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பள்ளியின் பழைய மாணவர். “இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். ஸ்கூல் நிர்வாகத்த விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட விடணும். கேன்டீன்ல இருக்கறவங்கள உக்கார வெச்சா இப்பிடித்தான் ஆகும்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“தப்பு பண்ணேன் சார், ஒத்துக்கறேன். என் பேருக்குக் கீழ மூணாவது கையெழுத்து உங்களுது. நீங்க வாசிச்சுப் பாத்துட்டா போட்டீங்க?”

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது, “நானும்தான் பாக்கல” என்று சொல்லிவிட்டு, ரத்து செய்யலாம் என்று முதல் கையை அவரே தூக்கினார். அவ்வளவுதான், அறை முழுக்கக் கைகள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் தூக்கினார்கள், அவர்களுக்கு ஓட்டே கிடையாது!

முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர், பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்தோம். தற்காலிக வேதியியல் ஆசிரியருக்குத் தீர்மானம், லேபைத் திறக்கத் தீர்மானம். தலைமையாசிரியர் எழுதி முடித்து நோட்டை என் பக்கம் தள்ளினார். மொத்தக் கூட்டமும் நிற்க, ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் பக்கமிருந்து ஒரு விசில் பறந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம், இருபது வருஷமாகக் கேட்கிற விசில். “யோவ், இது ஸ்கூல்யா!” என்று பக்கத்தில் நின்றவர் அதட்ட, தலைமையாசிரியரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு, “வாம்மா, பசிக்குது” என்றாள்.

ஜூன் மாதம் சயின்ஸ் குரூப்பில் முப்பத்தைந்து பேர் சேர்ந்தார்கள். என் மகள் ரெஜிஸ்டரில் நான்காவது பெயர். லேபில் முதல் நாள் ஏதோ ஒரு திரவத்தின் நிறத்தை மாற்றிக் காட்டினார்களாம், ஒரு வாரம் அதே பேச்சு.

அரசுப் பள்ளியை எப்படித் திருத்துவது என்று டி.வி.யில் அடிக்கடி காரசாரமாக விவாதிக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதிகாரம் கொடுத்து என்ன லாபம் என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் எங்கள் போன மாதக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் தீர்மானங்களை உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து. பூக்கட்டி விற்கிற ஓர் அம்மா புதிதாகக் குழுவுக்கு வந்திருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாதவர். வாசித்து முடித்துக் கைநாட்டு வாங்க நோட்டை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நாலாவதா சொன்னது எனக்கு வெளங்கல டீச்சர். இன்னொரு தபா படிங்க” என்றார். தலைமையாசிரியர் மறுபடி வாசித்தார். அந்த அம்மாவுக்கு விளங்கும்வரை ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. ஊரார் முன்னால் தலைகுனிந்து நின்ற அந்த வியாழக்கிழமை மட்டும் இல்லையென்றால் இப்படி எங்கள் பள்ளியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், அன்று பட்ட அவமானத்துக்கு நான் மனதார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.