ஆசீர் அங்கிளும் எலிகூவும்

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் என் முன்னால் கைப்பேசியை நீட்டினாள். இளைஞர் கூட்டத்தில் பேசுவதற்காகப் பெரியவர்களின் கருத்தைப் பதிவு செய்கிறாளாம்.

"ஆன்ட்டி, பைபிள்படி ஏஜ் ஆனா விஸ்டம் வரும்தானே? உங்களுக்கு எப்போ வந்துச்சு?"

வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. காலையில்தான் கார் சாவியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சமாளித்து, தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தை எடுத்துக் கடித்தேன். உருளைக்கிழங்கும் மசாலாவும் கலந்த அந்த வாசம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் கிரவீன் என்ற புறநகரில், இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டது.

அது ராணி அன்ரியின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வேதம் படிப்போம். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு இருபத்தாறு. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஓர் ஆய்வகத்தில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேதத்தின்மேல் தாகம் என்று சொன்னால் பொய். வாரத்தில் ஒருநாள் நல்ல சாப்பாடு கிடைக்கும், ரூபி ஆன்ட்டி கறிபாப் கொண்டுவருவார். அதற்குத்தான் போனேன்.

ரூபி ஆன்ட்டியின் கணவர்தான் ஆசீர் அங்கிள். மலேசியாவின் ஈப்போவில் தோட்ட மருத்துவமனையொன்றில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். எண்பத்து நாலு வயதிலும் சட்டையை இஸ்திரி போட்டு, கைமடிப்புக் கலையாமல் வருவார். வகுப்பை நடத்துவது அவர்தான். அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு இருக்காது. சந்தேகம் வந்தால் வேதத்தைப் புரட்டுவதைவிட அவர் முகத்தைப் பார்ப்பதே எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

ரயில் நிலையத்துக்குத் தன் பழைய வெள்ளைக் காரில் வந்து என்னை ஏற்றிப்போவதும் அவர்தான். மலேசியர்களான நாங்கள் காரைக் காடி என்போம். அவருடைய காடியில் பின்னால் இரண்டு ஆன்ட்டிகளுக்கு நடுவே நான் ஒடுங்கிக்கொள்வேன். அங்கிளுக்கு வலது கண்ணில் ஏதோ கோளாறு. ஒரு வாரம் சாலைச் சுற்றுவட்டத்தின் பூச்செடிகள்மேல் ஏறி இறங்கினார். அடுத்த வாரம் சிவப்பு விளக்கைச் சாவகாசமாகக் கடந்தார். பின்னிருக்கையில் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவரிடம் போய் யார் சொல்வது?

அந்த நாள்களில் யோபுவின் கதை படித்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், வயதான மூன்று நண்பர்கள் மாறி மாறி நியாயம் பேசுகிறார்கள். எலிகூ என்ற இளைஞன் அவர்கள் பெரியவர்களாயிற்றே என்று கடைசிவரை காத்திருக்கிறான். பிறகு பொறுமை இழந்து, வயது மட்டும் ஒருவரை ஞானியாக்கிவிடாது என்று பொரிந்து தள்ளுகிறான். அந்தப் பகுதியைப் படித்து முடித்த அங்கிள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இங்க சின்னப்புள்ள நீ ஒருத்திதான். எலிகூ சொன்னது சரியா? சொல்லு லா."

சும்மா சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். இருபத்தாறு வயது விடுமா?

"சரிதான் அங்கிள். இப்ப நீங்க காடி ஓட்டுறதையே எடுத்துக்குங்க. உங்களுக்குக் கண்ணு தெரியல. எல்லாரும் பயந்துக்கிட்டுத்தான் வர்றாங்க. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

யாரோ தேநீர்க் கோப்பையைச் சாஸரில் வைத்த சத்தம் கேட்டது. அங்கிள் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயும் பயந்தியா?"

ரூபி ஆன்ட்டி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல ஏறுனா இங்க வந்து இறங்குற வரைக்கும் ஜெபம்தாங்க."

அங்கிள் வேதத்தை மூடினார். ராணி அன்ரி என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, நீர் சொன்னது சரி. சொன்ன இடம்தான் பிழை." நடந்தே ரயிலடிக்குப் போனேன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற மிதப்பும், அந்தப் பெரிய மனிதரின் முகம் சுருங்கியதைப் பார்த்த கூச்சமும் வழியெல்லாம் மாறி மாறி வந்தன.

மூன்று வாரம் அங்கிள் வகுப்புக்கு வரவில்லை. நானும் போகவில்லை. நாலாவது வாரம் தொலைபேசி ஒலித்தது. ஆசீர் அங்கிள்தான்.

"எண்பத்தஞ்சு ஆனா ரோட்டுல ஓட்டிக் காட்டணுமாம், இல்லன்னா லைசென்ஸ் கிடையாது. நாளைக்குக் காலையில வா. பக்கத்துல உக்காந்து பாரு. பார்த்துட்டு உள்ளதச் சொல்லு."

சனிக்கிழமை காலை நார்த்மீட்டில் அவர் வீட்டிலிருந்து கிளம்பினோம். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, கார்தான் இல்லை. கால் மணி நேரம் அழகாக ஓட்டினார். வேகம் சரி, திருப்பங்கள் சரி. நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று மன்னிப்புக்கு வார்த்தை தேட ஆரம்பித்திருந்தேன். அப்போது கடைகளுக்கு முன்னால், நடந்து கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளில், குழந்தை வண்டியைத் தள்ளியபடி ஒரு பெண் இறங்கினாள். வலது பக்கத்திலிருந்து வந்தாள். காரின் வேகம் குறையவே இல்லை.

"அங்கிள்!"

கத்தினேன். கார் குலுங்கி நின்றது. குழந்தை வண்டிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பெண் திட்டவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிள் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அவள் போனபின் காரை ஓரத்தில் நிறுத்தி அணைத்தார்.

"நான் அவளப் பாக்கவே இல்லம்மா," என்றார். பிறகு, "நீ கத்தாம இருந்திருந்தா?"

அவர் இறங்கி, காரின் முன்பக்கத்தைத் தடவியபடி சுற்றிவந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு. நீ ஓட்டு."

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை அவரே எல்லோருக்கும் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு யோபுவின் கடைசி அத்தியாயத்தை எடுத்தார். "பாருங்க, முடிவுல கடவுள் அந்த மூணு பேரையும் கண்டிக்கிறாரு. எலிகூவப் பத்தி ஒரு வார்த்த இல்ல. மெச்சவும் இல்ல, திட்டவும் இல்ல. ஏன்? எனக்குத் தெரியல." என்னைப் பார்த்தார். "நீ கத்தினதுக்கு நன்றி. கூட்டத்துல சொன்னதுக்கு இன்னும் கோவம்தான்." ரூபி ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்ததை முதன்முறையாக அன்றுதான் கேட்டேன்.

வயதானால் ஞானம் வருமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வேதத்தில் வேறெங்காவது பதில் இருக்குமா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். சாலொமோன் ராஜா இளைஞனாக இருக்கும்போது கடவுளிடம் ஞானத்தைக் கேட்டு வாங்கினான், முதுமையில் தடம் மாறினான். அவன் மகனோ முதியோர் பேச்சைத் தள்ளிவிட்டுக் கூட்டாளிகளின் பேச்சைக் கேட்டு ராஜ்யத்தையே உடைத்தான். பார்வை மங்கிய முதிய ஆசாரியர் ஏலி, இரவில் சிறுவன் சாமுவேலைக் கூப்பிடுவது கடவுள் என்று மூன்றாம் தடவையில்தான் புரிந்துகொண்டார். ஆனால் புரிந்துகொண்டாரே! ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. கார் ஓரமாக நின்ற அந்த நிமிடத்தில் அங்கிளுக்கு வந்தது எண்பத்து நாலு வருடத்தின் சேமிப்பா, அப்போதுதான் புதிதாகக் கிடைத்ததா? நீங்கள்தான் சொல்லுங்களேன்.

அதன்பின் ஐந்து வருடம் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காரை ஓட்டியது நான்தான். அங்கிள் முன்னிருக்கையில் என் இடப்பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு சந்தியிலும் கழுத்தை நீட்டிப் பார்த்து, "லெஃப்ட் கிளியர்" என்பார். அவர் சொன்ன பிறகும் நான் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும், இருந்தும் சொல்வதை விடவில்லை. முதலில் அவர் போனார், இரண்டு வருடம் கழித்து ரூபி ஆன்ட்டி. ராணி அன்ரி வீட்டை விற்றுவிட்டு மகளோடு மெல்பர்னுக்கு, மல்கிரேவ் பக்கம் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கலைந்துபோனது. அந்தச் சந்திகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வண்டியை நிறுத்தி, இடப்பக்கம் பார்க்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.